சொந்தக் கூட்டத்திடம் மறுத்துப் பேசுவது

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க அரசியலில் இன்று இருக்கும் கட்சிப் பிளவைப் பற்றி, அங்கே தலைமை எப்படி இருக்கிறது என்பதைப் பற்றி, மனதில் பட்டதைப் பேசுங்கள் என்று நிலையத்தார் அழைத்தார்கள். ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரத்தை ஒட்டிய ஒரு புறநகரில் பல வருடங்களாகக் குடியிருக்கிறேன். குடியுரிமை வாங்கிய பிறகு, தேர்தல் வந்தால் வாக்குச்சாவடியில் அலுவலராக உட்காருவேன். அங்கே பார்த்ததும், இந்த நாட்டின் வரலாற்றில் படித்ததும் சேர்ந்து எனக்குள் ஓர் எண்ணம் உறுதிப்பட்டிருக்கிறது. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி என்ற இரண்டு பெரிய கட்சிக்காரர்களும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை என்று இங்கே எல்லோரும் வருத்தப்படுகிறார்கள். வருத்தப்பட வேண்டியதுதான். ஆனால் என்னை அதைவிட அதிகமாக உறுத்துவது ஒன்று உண்டு. தன் ஆட்களைப் பார்த்து "நீங்கள் சொல்வது சரியில்லை" என்று சொல்லக்கூடிய தலைவர்கள் அருகிப்போய்விட்டார்கள். எதிர்க்கட்சியைத் திட்டினால் கைத்தட்டல் கிடைக்கும். தனக்கு ஓட்டுப் போட்டவர்களிடமே மறுத்துப் பேசினால் கிடைப்பது வசவும் மிரட்டலும். அடுத்த தேர்தலில் பதவியும் போகும். அந்த விலையைக் கொடுத்தவர்கள் சிலரைப் பற்றிச் சொல்கிறேன். அந்த விலை எப்படி இவ்வளவு ஏறியது என்பதையும் சொல்கிறேன்.

1964 ஜூன் 10. இனப் பாகுபாட்டைத் தடுக்கும் குடிமை உரிமைச் சட்ட மசோதா, நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் சபையில் பல வாரங்களாக மாட்டிக்கொண்டு கிடந்தது. தென் மாநில செனட்டர்கள் மாற்றி மாற்றிப் பேசியே அதை நிறுத்திவைத்திருந்தார்கள். முந்தின இரவு தொடங்கி ராபர்ட் பேர்ட் என்பவர் 14 மணி நேரத்துக்கு மேல் தனியாகப் பேசி, அன்று காலையில்தான் உட்கார்ந்தார். பேச்சை முடித்து வாக்கெடுப்புக்குப் போகலாமா என்று கேட்டபோது, பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள். கலிபோர்னியா செனட்டர் கிளேர் எங்கிளின் பெயர் வந்தது. மூளையில் கட்டி, பேச்சு போய்விட்டது. சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். வாய் திறந்து பார்த்தார், வார்த்தை வரவில்லை. கையைத் தூக்கித் தன் கண்ணைச் சுட்டிக்காட்டினார். ஆங்கிலத்தில் கண்ணுக்கும் சபையில் 'ஆம்' என்பதற்கும் ஒரே உச்சரிப்பு. எழுத்தர் அதை 'ஆம்' என்று பதிந்தார். அடுத்த மாதக் கடைசியில் எங்கிள் இறந்துபோனார்.

அன்று ஆதரவு 71, எதிர்ப்பு 29. தேவைப்பட்டது 67. ஆட்சியில் இருந்தது ஜனநாயகக் கட்சி. அதிபர் லிண்டன் ஜான்சன். அவருடைய சொந்தக் கட்சி செனட்டர்களிலேயே 23 பேர் எதிராக ஓட்டுப் போட்டார்கள். எதிர்க்கட்சியாக இருந்த குடியரசுக் கட்சியின் 33 பேரில் 27 பேரின் ஓட்டு கிடைத்ததால்தான் கதவு திறந்தது. அந்த 27 ஓட்டையும் ஒவ்வொருவராகப் பேசிப் பேசிச் சேர்த்தவர் அக்கட்சியின் செனட் தலைவர் எவரெட் டர்க்சன். சட்டத்தின் பெருமை எதிர்க்கட்சி அதிபருக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும். தேர்தல் ஐந்தே மாதத்தில் இருந்தது. இருந்தும் செய்தார்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு முந்தைய முப்பது நாற்பது வருடங்களில் இரண்டு கட்சிகளும் அத்தனை சுமுகமாக இருந்ததற்கு ஒரு காரணம், கறுப்பின மக்களின் உரிமையைப் பற்றிப் பேசுவதில்லை என்று இரண்டு பேருமே ஒதுங்கிக்கொண்டதுதான். அந்த அமைதிக்கான விலையை வேறு யாரோ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1964க்குப் பிறகு தென் மாநில வெள்ளையர்கள் மெல்ல மெல்ல குடியரசுக் கட்சிக்கும், கறுப்பின மக்கள் பெருமளவில் ஜனநாயகக் கட்சிக்கும் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு கட்சிக்குள்ளும் இருந்த கலப்பு போய்விட்டது. பிளவின் வேர் இங்கேதான் இருக்கிறது. தொலைக்காட்சி, சமூக ஊடகம் எல்லாம் அப்புறம் வந்து அதற்குத் தண்ணீர் ஊற்றியவை.

அன்று எதிராக ஓட்டுப் போட்ட ஆறு குடியரசுக் கட்சிக்காரர்களில் ஒருவர் அரிசோனாவின் பாரி கோல்ட்வாட்டர். அந்த ஓட்டை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது. ஆனால் பத்து வருடம் கழித்து, 1974 ஆகஸ்ட் 7 அன்று, எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆட்கள் புகுந்ததை மூடிமறைத்த வாட்டர்கேட் விவகாரத்தில் சிக்கியிருந்த அதிபர் நிக்சனைப் பார்க்க வெள்ளை மாளிகைக்குப் போன மூன்று பேரில் அவரும் ஒருவர். மூவருமே நிக்சனின் கட்சிக்காரர்கள். பதவி நீக்க விசாரணை செனட்டுக்கு வந்தால் உங்களைக் காப்பாற்ற அங்கே ஓட்டு இல்லை என்று நேரில் சொன்னார்கள். மறுநாள் இரவு நிக்சன் ராஜினாமாவை அறிவித்தார். எதிர்க்கட்சிக்காரர்கள் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது எடுபடவில்லை. சொந்தக் கட்சியின் மூன்று பேர் சொன்னதும் அதற்கு மேல் வழியில்லை என்று ஆகிவிட்டது.

அதே கோல்ட்வாட்டர் ஓய்வு பெற்றபோது, அவருடைய இடத்துக்கு வந்தவர் ஜான் மெக்கெய்ன். 2008 அக்டோபரில், மின்னசோட்டா மாநிலத்தில் லேக்வில் என்ற ஊரில் அதிபர் வேட்பாளராக அவர் நடத்திய பிரசாரக் கூட்டத்தின் வீடியோவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லை. எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் ஒபாமா முந்திக்கொண்டிருந்தார். ஒருவர் எழுந்து, ஒபாமா அதிபரானால் எனக்குப் பயமாக இருக்கிறது என்றார். அவர் நல்ல மனிதர், அவர் அதிபரானால் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை என்றார் மெக்கெய்ன். கூட்டத்தில் 'ஊ' என்று சத்தம் எழுந்தது. அது அவருடைய சொந்தக் கூட்டம். அப்புறம் ஓர் அம்மாள் மைக்கை வாங்கி, ஒபாமாவை நம்ப முடியாது, அவர் ஓர் அரேபியர் என்று ஆரம்பித்தார். மெக்கெய்ன் தலையை ஆட்டிக்கொண்டே மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "இல்லை அம்மா, அவர் நல்ல குடும்பஸ்தர், இந்த நாட்டுக் குடிமகன், அடிப்படையான சில விஷயங்களில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு, அவ்வளவுதான்" என்றார். அரேபியராக இருந்தால் நல்ல குடும்பஸ்தர் இல்லையா என்று பிறகு கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் எதிரே நிற்கும் ஆதரவாளர்களின் பயத்தைத் தூண்டிவிட்டால் ஓட்டு வரும் என்று தெரிந்தும், அந்த இடத்திலேயே அதைத் தணிக்க ஒருவர் முயன்றார் என்பதை நான் மறக்கத் தயாரில்லை.

2017 ஜூலை 28, பின்னிரவு ஒன்றரை மணி வாக்கில், ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் பகுதிகளை நீக்கும் மசோதா செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தது. மெக்கெய்னுக்கும் மூளையில் கட்டி இருப்பது அந்த மாதம்தான் தெரியவந்திருந்தது. இடது கண்ணுக்கு மேலே அறுவை சிகிச்சைத் தழும்பு ஆறியிருக்கவில்லை. எழுத்தர் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, கையை நீட்டி, கட்டைவிரலைக் கீழே காட்டினார். கட்சியின் செனட் தலைவர் மிச் மெக்கனல் சில அடி தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். 49க்கு 51 என்று மசோதா தோற்றது. ஒபாமாவின் சட்டம் வந்தபோது அதை எதிர்த்து ஓட்டுப் போட்டவர்தான் மெக்கெய்ன். அவருடைய ஆட்சேபணை வேறு: இத்தனை கோடி மக்களைத் தொடும் சட்டத்தை, முறையான குழு விசாரணை இல்லாமல், எதிர்க்கட்சியைக் கலக்காமல் ராவோடு ராவாக மாற்றக் கூடாது என்பதே. மூன்று நாள் முன்பு அதே சபையில் அதைச் சொல்லியும் இருந்தார். அவரோடு சேர்ந்து மறுத்த இன்னும் இரண்டு குடியரசுக் கட்சிப் பெண்கள் சூசன் காலின்ஸ், லீசா முர்கவ்ஸ்கி. அவர்கள் இருவரும் ஆரம்பத்திலிருந்தே உறுதியாக நின்றவர்கள். கட்டைவிரல் பேசப்பட்ட அளவுக்கு அவர்கள் பேசப்படாதது எனக்குக் குறைதான்.

ஒரு கட்சிக்காரர்களையே சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 2001 ஜனவரி 6 அன்று ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்று தோற்ற அல் கோர் செய்ததை இன்றைய இளைஞர்கள் பலர் அறியமாட்டார்கள். புளோரிடாவில் 537 ஓட்டில் அதிபர் பதவி கைநழுவிப் போயிருந்தது. மறு எண்ணிக்கையை உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று நிறுத்திவிட்டது. துணை அதிபர் என்ற முறையில், தன் தோல்வியை உறுதிசெய்யும் கூட்டத்துக்கு அவரே தலைமை தாங்க வேண்டும். அவருடைய கட்சி உறுப்பினர்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர், புளோரிடா முடிவை ஏற்கக் கூடாது என்று ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். விதிப்படி ஒரு செனட்டரின் கையெழுத்தும் வேண்டும். ஒரு செனட்டரும் போடவில்லை. கையெழுத்து இல்லாதது பற்றி எனக்குக் கவலையில்லை என்றார் அவர்களில் ஒருவரான மாக்சின் வாட்டர்ஸ். "விதிகளுக்குக் கவலை உண்டு" என்றார் கோர். தனக்காகப் போராட வந்தவர்களை ஒவ்வொருவராக உட்காரச் சொன்னார். இருபது வருடம் கழித்து அதே தேதியில், அதே நாற்காலியில் டிரம்பின் துணை அதிபர் மைக் பென்ஸ் உட்கார்ந்தபோது, டிரம்பின் தோல்வியை ஏற்காமல் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த கூட்டம் அவரைத் தூக்கிலிட வேண்டும் என்று கோஷமிட்டது. அவரும் எண்ணிக்கையை விட்டுவிட்டுப் போகவில்லை. மறுநாள் விடியலுக்கு முன் மூன்றே முக்கால் மணி வாக்கில் முடித்துவைத்தார். அவருடைய கட்சியில் அவருக்கு அதற்குப் பிறகு எதிர்காலம் இருக்கவில்லை.

சரி, ஏன் இப்படி ஆனது? என் வாக்குச்சாவடி மேஜையிலிருந்து பார்த்தால் பாதி விடை தெரியும்.

இங்கே நவம்பர் தேர்தலுக்கு முன்பே, கட்சி வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தல் உண்டு. ஒஹாயோவில் அது பெரும்பாலும் மே மாதத்தில், அதிபர் தேர்தல் ஆண்டென்றால் மார்ச்சில் வரும். காலை ஆறரைக்குக் கதவைத் திறப்போம். வருபவரிடம் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, எந்தக் கட்சியின் ஓட்டுச்சீட்டு வேண்டும் என்று கேட்க வேண்டும். பலருக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. "அதை ஏன் உங்களிடம் சொல்ல வேண்டும்?" என்று முகம் சுளிப்பார்கள். சிலர் பின்னால் பக்கத்து வீட்டுக்காரர் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். எந்தக் கட்சியும் வேண்டாமென்றால், பள்ளி வரி போன்ற பொதுக் கேள்விகள் மட்டும் இருக்கும் சீட்டைத் தருவோம். அதுவும் எல்லா ஊரிலும் இருக்காது. பெரும்பாலானவர்கள் வருவதே இல்லை. மதியம் இரண்டு மணிக்கு வெறிச்சோடிக் கிடக்கும். நவம்பரில் கட்டடத்தைச் சுற்றி வரிசை நிற்கிற அதே இடம். பிரைமரிக்குத் தவறாமல் வருபவர்கள் கட்சிப் பற்று முற்றியவர்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. அக்கறை உள்ளவர்கள், அதனால்தான் வருகிறார்கள். ஆனால் ஊரில் கொஞ்சம் பேர் அவர்கள். அந்தக் கொஞ்சம் பேரின் கோபத்தைச் சம்பாதித்த தலைவர், ஊர் முழுக்க ஓட்டுப் போடும் நவம்பர் வரைக்கும் போய்ச் சேரவே மாட்டார்.

தேர்தல் நாளில் வேறு ஒன்றையும் பார்க்கிறேன். இரவு ஏழரைக்குக் கதவைச் சாத்தியதும் கணக்கு ஒப்பிட வேண்டும். கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை, இயந்திரம் காட்டுவது எத்தனை, பாழான சீட்டு எத்தனை. ஒருவர் முத்திரை எண்ணை வாசிக்க இன்னொருவர் எழுதுவார். வாக்குச்சாவடி அலுவலர்கள் இரண்டு கட்சியிலிருந்தும் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். ஓட்டுச்சீட்டுகளை மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்குக் கொண்டுபோவதும் அப்படியே, வெவ்வேறு கட்சிக்காரர் இருவர் சேர்ந்து. என்னோடு வழக்கமாக வருபவர் ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர். துப்பாக்கிச் சட்டம், குடியேற்றம், வரி, எதிலும் அவரும் நானும் ஒத்துப்போவதில்லை. ஒரு வருடம் எண்ணிக்கையில் ஒரு ஓட்டு இடித்தது. வீட்டுக்குப் போகலாம் என்று எல்லோரும் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவருடைய கட்சிக்காரர் ஒருவரே "ஒன்றுதானே, விடுங்கள்" என்றார். இவர் விடவில்லை. முதலிலிருந்து எண்ணினோம். ஒரே பெயருக்கு நேரே இருவர் கையெழுத்துப் போட்டிருந்தது தெரிந்தது. நாட்டின் பெரிய தலைவர்களிடம் நான் எதிர்பார்ப்பது இதில் பாதிதான்.

இரண்டாவது காரணம் தொகுதி எல்லை. 2011ல் ஒஹாயோவில் ஆட்சியில் இருந்த குடியரசுக் கட்சி ஒரு வரைபடம் போட்டது. ஈரி ஏரிக் கரையை ஒட்டி டொலீடோவிலிருந்து கிளீவ்லாந்து வரை ஒரு தொகுதி. 'ஏரிப் பாம்பு' என்றே ஊரில் அதற்குப் பெயர். ஓர் இடத்தில் பாலத்தின் அகலம்தான் தொகுதியின் அகலம். 2012ல் ஒபாமா இந்த மாநிலத்தில் ஜெயித்தார். ஆனால் காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்தின் கீழவைக்கான 16 தொகுதிகளில் 12ஐ குடியரசுக் கட்சி எடுத்துக்கொண்டது. 2020 வரை ஐந்து தேர்தலிலும் அதே 12க்கு 4. ஒரு தொகுதிகூடக் கை மாறவில்லை. மேரிலாந்தில் இதே வேலையை ஜனநாயகக் கட்சி செய்தது. 2019ல் உச்ச நீதிமன்றம் மேரிலாந்து வழக்கையும் வட கரோலினா வழக்கையும் சேர்த்து எடுத்து, கட்சி லாபத்துக்காக எல்லை போடுவதில் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தலையிட முடியாது என்று 5க்கு 4 என்று சொல்லிவிட்டது. நவம்பர் முடிவு முன்கூட்டியே தெரிந்த தொகுதியில், உறுப்பினர் பயப்பட வேண்டியது பிரைமரிக்கு மட்டும்தான்.

இங்கே மாநில உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த மொரீன் ஓகானர் குடியரசுக் கட்சியில் வளர்ந்தவர். 2022ல் தன் கட்சி போட்ட வரைபடங்களை, மூன்று ஜனநாயகக் கட்சி நீதிபதிகளோடு சேர்ந்து 4க்கு 3 என்று திரும்பத் திரும்ப ரத்து செய்தார். மாநில அரசியல் சட்டத்தில் மக்கள் ஓட்டுப் போட்டுச் சேர்த்த விதிக்கு இவை பொருந்தவில்லை என்பதே காரணம். அவரைப் பதவி நீக்கம் செய்ய வேண்டும் என்று அவருடைய கட்சியிலேயே குரல் எழுந்தது. வயது வரம்பால் அந்த வருடக் கடைசியில் ஓய்வு பெற்றார். பிறகு, அரசியல்வாதிகள் கையிலிருந்து எல்லைக்கோட்டைப் பிடுங்கிக் குடிமக்கள் குழுவிடம் கொடுக்கும் திருத்தத்துக்காகப் பாடுபட்டார். 2024 நவம்பரில் அது தோற்றது. ஓட்டுச்சீட்டில் அந்தத் திருத்தத்தை விவரித்திருந்த வாசகத்தைப் படித்துவிட்டு, "இதற்கு ஆம் போட்டால் முறைகேடு வேண்டும் என்று அர்த்தமா, வேண்டாம் என்று அர்த்தமா?" என்று என் மேஜையில் கேட்டார்கள். நாங்கள் விளக்கம் சொல்லக் கூடாது. அன்று மாலை வரை எனக்கு மனது ஆறவில்லை.

விதி மாறினால் தைரியத்துக்கான விலை குறையுமா என்று கேட்டால், குறையும் என்பதற்கு 2022லேயே சாட்சி இருக்கிறது. 2021 ஜனவரி 6 கலவரத்துக்குப் பிறகு டிரம்பைப் பதவி நீக்கும் நடவடிக்கையில் அவருக்கு எதிராக ஓட்டுப் போட்ட குடியரசுக் கட்சிக்காரர்களில் இரண்டு பெண்களைப் பாருங்கள். வயோமிங் மாநிலத்தின் லிஸ் செனி, முன்னாள் துணை அதிபரின் மகள், கொள்கையில் பழுத்த வலதுசாரி. பிரைமரியில் 30 சதவீதம்கூட வாங்காமல் தோற்றார். அலாஸ்காவின் லீசா முர்கவ்ஸ்கியையும் மாநிலக் கட்சி கண்டித்தது. டிரம்ப் எதிர் வேட்பாளரை நிறுத்தினார். ஆனால் அலாஸ்காவில் 2020ல் மக்கள் விதியை மாற்றியிருந்தார்கள். எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே பிரைமரியில் நிற்பார்கள். முதல் நான்கு பேர் நவம்பருக்குப் போவார்கள். அங்கே வாக்காளர் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்ப வரிசை கொடுப்பார். ஊர் முழுவதும் சேர்ந்து தீர்ப்பு சொன்னது, முர்கவ்ஸ்கி ஜெயித்தார். இருவரும் செய்தது ஏறக்குறைய ஒரே காரியம். வயோமிங் அலாஸ்கா அல்ல என்பது உண்மைதான். ஆனாலும் விதி செய்த வேலையை ஒதுக்கிவிட முடியாது.

அதே 2022ல் மிச்சிகனில் நடந்ததை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. டிரம்பின் பதவி நீக்கத்துக்கு ஓட்டுப் போட்ட பத்து குடியரசுக் கட்சி உறுப்பினர்களில் பீட்டர் மையர் ஒருவர். முதல் முறை உறுப்பினர். சபைக்கு வந்து சில நாட்களே ஆகியிருந்தபோது போட்ட ஓட்டு அது. பிரைமரியில் அவரை எதிர்த்தவர் தீவிர டிரம்ப் ஆதரவாளர். அந்த எதிரியைத் தூக்கிக்காட்டும் விளம்பரத்துக்கு ஜனநாயகக் கட்சியின் தேர்தல் குழு 4 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தது. தீவிரமானவர் வேட்பாளரானால் நவம்பரில் சுலபமாகத் தோற்கடிக்கலாம் என்ற கணக்கு. கணக்கு பலித்தது, மையர் தோற்றார், நவம்பரில் தொகுதி ஜனநாயகக் கட்சிக்கு வந்தது. ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று மேடைதோறும் பேசியவர்கள், அந்த ஆபத்தை எதிர்த்து நின்ற ஒருவரை வீழ்த்தக் காசு கொடுத்தார்கள். அந்தக் கட்சிக்குள் இதைக் கண்டித்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. 2025ல் வெள்ளை மாளிகை கேட்டதும் டெக்சாஸ் மாநிலம் பத்து வருடக் கணக்கெடுப்புக்குக் காத்திராமல் தொகுதி எல்லையை மாற்றியது. பதிலுக்கு கலிபோர்னியா மக்கள் ஓட்டெடுப்பு நடத்தித் தங்கள் எல்லையை மாற்றிக்கொண்டார்கள். அடுத்து எங்கள் பக்கத்து மாநிலம் இந்தியானாவின் முறை. துணை அதிபர் வான்ஸ் நேரில் வந்து பேசினார். மறுப்பவர்களுக்கு எதிராகப் பிரைமரியில் ஆள் நிறுத்துவேன் என்றார் அதிபர். சில உறுப்பினர்களின் வீட்டுக்குப் பொய்த் தகவல் கொடுத்து போலீஸை அனுப்பினார்கள் யாரோ. அங்கே மாநில செனட்டில் குடியரசுக் கட்சிக்கு 50க்கு 40 இடம். டிசம்பர் 11 அன்று வாக்கெடுப்பு: ஆதரவு 19, எதிர்ப்பு 31. அந்த 31ல் குடியரசுக் கட்சியினர் 21 பேர். தன் கட்சிக்கு காங்கிரஸில் இரண்டு இடம் கூடுதலாகக் கிடைக்கும் என்று தெரிந்தும் வேண்டாம் என்றவர்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் எனக்கு அதுவரை தெரியாது.

எங்கள் ஊரில் இந்திய வம்சாவளியினர் பெருகிவிட்டதால், தேர்தல் நெருங்கினால் வேட்பாளர்கள் தீபாவளி, பொங்கல் விழாக்களுக்கு வந்துவிடுகிறார்கள். விளக்கேற்றி, இரண்டு வார்த்தை பேசி, படம் எடுத்துக்கொண்டு போவார்கள். நம் ஆட்கள் விசா பற்றிக் கேட்பார்கள், பள்ளிக்கூடம் பற்றிக் கேட்பார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்பேன்: கடைசியாக எந்த விஷயத்தில் உங்கள் கட்சிக்காரர்களிடம் "முடியாது" என்று சொன்னீர்கள்? பெரும்பாலானவர்கள் எதிர்க்கட்சியோடு எப்படி இணைந்து வேலை செய்தோம் என்று வேறு ஏதாவது சொல்வார்கள். நான் திரும்பக் கேட்பேன். உள்ளூர்ப் பதவிக்கு நின்ற ஒருவர் மட்டும், சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, தனக்குப் பிரசாரப் பணம் கொடுத்தவர்கள் கேட்ட ஒரு நில அனுமதியைத் தான் மறுத்ததையும், அதனால் அவருக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றுபோனதையும், வாக்கெடுப்பு நடந்த தேதியோடு சொன்னார். கூட்டக் குறிப்பில் போய்ப் பார்த்தேன், இருந்தது. அவர் நான் வழக்கமாக ஓட்டுப் போடும் கட்சிக்காரர் அல்ல. அந்த நவம்பரில் அவருக்குப் போட்டேன்.

வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.